வளைவில் நழுவும் ரிமோட் கார்: புது மோட்டார் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஜார்ஜ்டவுன் - ரிமோட் கார் பந்தயத்தில் புதிதாக இறங்கும் இளைஞர்கள் பலர் செய்யும் முதல் செலவு மோட்டாருக்குத்தான். வேகமான மோட்டாரைப் பொருத்தியதும் கார் நேர் பாதையில் பறக்கிறது. முதல் வளைவு வந்ததும் பின்பக்கம் சுழன்று கட்டையில் மோதுகிறது. உடைந்த கையை மாற்ற ஒரு செலவு, வளைந்த தண்டை மாற்ற இன்னொரு செலவு. இரண்டு மூன்று மாதங்களில் பணமும் பொறுமையும் தீர்ந்து, கார் அலமாரிக்குப் போய்விடுகிறது.

உண்மையில் தார்த் தளப் பந்தயத்தில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது வளைவுகள்தான். வளைவில் காரைப் பிடித்து வைப்பவை சக்கரம், ஸ்பிரிங், எண்ணெய், சில மில்லிமீட்டர் உயரம், சில டிகிரி சாய்வு ஆகியவை. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய ஒரு வெள்ளி கூடச் செலவாகாது. முறையாகச் செய்யத் தெரிந்திருந்தால் போதும்.

எந்தக் கார்? எப்படிப்பட்ட பந்தயம்?

இங்கே பேசப்படுவது 'டூரிங் கார்' எனப்படும் வகை. உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை, மின்கலத்தில் ஓடும் மோட்டார், மேலே பாலிகார்பனேட் கூடு. போட்டிக் கார்களின் அகலம் சுமார் 190 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை. உலகப் போட்டிகளில் இந்த வகைக்கு ஓர் ஓட்டம் 5 நிமிடம்.

ஜப்பானின் தமியா நிறுவனம் தனது முதல் ரிமோட் காரை 1976இல் வெளியிட்டது. அது போர்ஷே 934 காரின் சிறிய உருவம். அதே நிறுவனத்தின் டிடி-02 என்ற அடிச்சட்டம் 2013இல் வந்தது. சில நூறு வெள்ளியில் கிடைப்பதால் புதியவர்கள் பலர் தொடங்குவது அதில்தான். விலை அதிகமான போட்டிக் கார்களில் எல்லாவற்றையும் திருகித் திருத்தலாம். டிடி-02 போன்றவற்றில் அந்த வசதி குறைவு. ஆனாலும் அடிப்படை விதிகள் இரண்டுக்கும் ஒன்றே.

வெப்ப நாட்டில் நடந்த உலகப் போட்டி

இந்த வகைக்கான உலக வெற்றியாளர் போட்டி 2008இல் பினாங்கிற்கு வடக்கே, தாய்லாந்தின் பேங்காக்கில் நடந்தது. ஜெர்மனியின் மார்க் ரைன்ஹார்ட் தமியாவின் டிஆர்எஃப்416 காரை ஓட்டி வென்றார். 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 2010இல் ஜெர்மனியின் பர்க்டோர்ஃப் நகரிலும் அவரே உலக வெற்றியாளர். ஈரமும் வெயிலும் கொண்ட பேங்காக், குளிர்ந்த ஜெர்மனி என முற்றிலும் வேறுபட்ட தட்பவெப்பத்தில் ஒரே ஓட்டுநர் வென்றிருக்கிறார்.

ஓட்டும் திறமை மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வோர் ஊரின் தரைக்கும் வெயிலுக்கும் ஏற்பக் காரை மாற்றி அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒருவர் வெளியிட்ட அளவுகளை அப்படியே பினாங்கில் பொருத்தினால் கார் ஓடாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நன்றாக ஓடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. நண்பகல் வெயிலில் இங்குள்ள தார்த் தளம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சுடும். மாலையில் ஒரு மழை பெய்தால் அதே தளம் சட்டென்று குளிர்ந்துவிடும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

வளைவில் காருக்கு வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பியும் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கமாகவே போவது ஒன்று. இதை 'அண்டர்ஸ்டியர்' என்பார்கள். முன் சக்கரங்களுக்குப் பிடிப்பு போதவில்லை என்று பொருள். முன்பக்கம் நன்றாகத் திரும்பினாலும் பின்பக்கம் வழுக்கி வெளியே வருவது மற்றொன்று. இது 'ஓவர்ஸ்டியர்'. இங்கே பின் சக்கரங்களுக்குப் பிடிப்பு போதவில்லை.

பாலேக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னே சாய்கிறது. முடுக்கினால் பின்னே போகிறது. எந்தச் சக்கரத்தின் மேல் பாரம் அழுத்துகிறதோ அதற்குப் பிடிப்பு கூடும். காரைச் செப்பனிடுவது என்பது இந்தப் பாரம் எப்போது, எவ்வளவு வேகமாக, எந்தச் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

கோளாறு எங்கே வருகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறி முடுக்கும்போதா? மூன்றுக்கும் மருந்து வேறு.

கார் நேராக இருக்கிறதா?

அளவுகளைத் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மோதலுக்குப் பிறகு அடிச்சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடப்பக்கம் நன்றாகத் திரும்பும் கார் வலப்பக்கம் சுழலும். முறுக்கிய காரில் எதைத் திருத்தினாலும் பலன் இல்லை.

காரைச் சமமான கண்ணாடிப் பலகை அல்லது ஓடு மேல் வையுங்கள். முன்பக்கத்தின் நடுவே கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தி எழுந்தால் முறுக்கு இருக்கிறது. பின்பக்கத்திலும் இதையே செய்யுங்கள். முறுக்கு இருந்தால் மேல் தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, அடிச்சட்டத்தைப் பலகையில் தட்டையாக அழுத்திப் பிடித்தபடி மீண்டும் இறுக்க வேண்டும். பிறகும் சரியாகாவிட்டால் இடது வலது ஸ்பிரிங் அழுத்தம், நிலைப்படுத்தும் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள்.

சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா, தொங்கல் கைகள் தம் எடையிலேயே விழுகின்றனவா என்பதும் முக்கியம். டிடி-02 பெட்டியில் பெரும்பாலும் பிளாஸ்டிக் புஷ்களும் எண்ணெய் இல்லாத உராய்வு ஷாக்குகளும்தான் வருகின்றன. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை மோட்டாருக்குக் கொடுக்காமல் பால் பேரிங்குக்கும் எண்ணெய் ஷாக்குக்கும் கொடுப்பதே நல்லது.

சக்கரம்: பாதி வேலை இங்கேதான்

ரப்பர் சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பது பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார் சக்கரத்துக்கும் அதே கதைதான். பந்தயச் சக்கரங்களில் 28, 32, 36, 40 போன்ற எண்கள் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை, கூடினால் கடினம்.

மென்மையான ரப்பர்தான் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துப் பலர் குறைந்த எண்ணை வாங்குகிறார்கள். குளிர்ந்த தளத்தில் அது சரி. பினாங்கின் நண்பகல் வெயிலில் அந்தச் சக்கரம் முதல் இரண்டு நிமிடம் நன்றாகப் பிடித்து, பிறகு சூடேறிக் குழைந்து வழுக்கத் தொடங்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் ஓட்டுநர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். தவறு சக்கரத்தில் இருக்கும். சுடும் தளத்துக்கு 36, 40 போன்ற கடினமானவையே பொருந்தும். காலையிலும் மழைக்குப் பின்னும் ஒரு படி மென்மையானதைப் போடலாம்.

சக்கரத்துக்குள் இருக்கும் பஞ்சும் கவனிக்க வேண்டியது. நைந்துபோன பஞ்சு வளைவில் சக்கரத்தை மடிய விடும். ரப்பர் விளிம்பை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டிருந்தாலும் கார் காரணமில்லாமல் ஆடும். ஓடுவதற்கு முன் தூசியைத் துடைப்பது செலவில்லாத மருந்து. வாகன நிறுத்துமிடங்களில் மணல் துகள் அதிகம் என்பதால், ஓடும் பாதையை ஒருமுறை கூட்டிவிடுவதே பாதிப் பிடிப்பைத் தந்துவிடும்.

உயரம்: 1 மில்லிமீட்டரின் விலை

தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை 'ரைடு ஹைட்' என்பார்கள். வழவழப்பான தார்ப் பாதைக்கு 5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை போதும். மேடு பள்ளமும் விரிசலும் உள்ள வாகன நிறுத்துமிடத்துக்கு 6 அல்லது 7 வேண்டியிருக்கும். கார் தாழ்ந்தால் வளைவில் சாய்வது குறையும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் அடி தரையில் உரசி, அந்தக் கணமே நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழக்கும். ஓட்டம் முடிந்ததும் அடிச்சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிய கீறல்கள் நிறைய இருந்தால் அரை மில்லிமீட்டர் உயர்த்துங்கள்.

பின்பக்கத்தைச் சிறிது உயர்த்தினால் பாரம் முன்னே சாயும். வளைவில் நுழைவது கூர்மையாகும். தாழ்த்தினால் பின்பக்கம் அமைதியடையும்.

இதோடு சேர்ந்தது 'டுரூப்'. காரைக் கையால் தூக்கும்போது சக்கரம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதே அது. பள்ளம் உள்ள தளத்தில் இந்தத் தொங்கல் போதுமான அளவு இருந்தால்தான் சக்கரம் தரையை விடாமல் தொடரும். இடது வலது இரண்டும் ஒரே அளவாக இருப்பது கட்டாயம்.

ஸ்பிரிங், எண்ணெய், கம்பி

தார்த் தளத்துக்குப் பொதுவாக மென்மையான ஸ்பிரிங்குகள் ஏற்றவை. முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் முன் பிடிப்பு கூடும். பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பின் பிடிப்பு கூடும். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கத்தை மென்மையாக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதை முடிவு செய்கிறது. எவ்வளவு வேகமாக அமுங்கும் என்பதை ஷாக்கில் உள்ள சிலிக்கான் எண்ணெய் முடிவு செய்கிறது. 300 முதல் 450 வரையிலான எண்கள் தார்த் தளத்தில் வழக்கமாகப் பயன்படுகின்றன. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. வெயிலில் எண்ணெய் இளகும் என்பதால், குளிர் நாட்டில் 350 போடும் இடத்தில் இங்கே 400 அல்லது 450 தேவைப்படலாம். பிடிப்பு குறைந்த, மேடு பள்ளமான தளத்தில் சற்று இளகிய எண்ணெய் உதவும். எண்ணெயை நிரப்பும்போது காற்றுக் குமிழ் தங்கிவிட்டால் எந்த எண்ணும் வீண். நான்கு ஷாக்குகளையும் நிரப்பியபின் தண்டை அழுத்திப் பாருங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும்.

இடது வலது சக்கரங்களை இணைக்கும் மெல்லிய நிலைப்படுத்தும் கம்பி, காரின் சாய்வைக் குறைக்கும். முன் கம்பி தடித்தால் நுழைவின் கூர்மை மழுங்கும். பின் கம்பி தடித்தால் கார் சுலபமாகத் திரும்பும், ஆனால் பின்பக்கம் வழுக்கும் ஆபத்து கூடும். பின்பக்கம் நிற்காமல் சுழலும் காரில் முதலில் பின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது எளிய சோதனை.

சாய்வும் கோணமும்

சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பது 'நெகட்டிவ் கேம்பர்'. வளைவில் கார் சாயும்போது வெளிச் சக்கரம் தரையில் முழுதும் படிய இது உதவும். முன்னும் பின்னும் 1.5 முதல் 2 டிகிரி வரை நல்ல தொடக்கம். சரிதானா என்று சக்கரமே சொல்லும். உள் விளிம்பு மட்டும் தேய்ந்தால் சாய்வு அதிகம். வெளி விளிம்பு தேய்ந்தால் சாய்வு போதவில்லை. அகலம் முழுதும் ஒரே மாதிரி தேய வேண்டும்.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்பது 'டோ'. பின் சக்கரங்கள் 2 முதல் 3 டிகிரி வரை உள்நோக்கி இருப்பது வழக்கம். இதைக் கூட்டினால் பின்பக்கம் உறுதியாகும், நேர் பாதையில் வேகம் சிறிது குறையும். முன் சக்கரங்கள் நேராகவோ, 1 டிகிரி வரை வெளிநோக்கியோ இருக்கலாம். வெளிநோக்கினால் நுழைவு விரைவாகும்.

டிடி-02இன் அடிப்படைப் பெட்டியில் மேற்கை நீளம் மாற்ற முடியாதது. அதனால் கேம்பரைத் திருத்த வேண்டுமானால் தனியாகத் திருகு கம்பி வாங்க வேண்டும். சக்கரத் தேய்மானம் கோணலாகத் தெரிந்தால் மட்டும் அதை வாங்கினால் போதும்.

டிஃபரன்ஷியலும் பல்சக்கரமும்

வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள் சக்கரம் குறைவாக ஓடும். அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதற்குள் உள்ள எண்ணெய் இளகியிருந்தால் கார் சிறு வளைவுகளில் சுலபமாகத் திரும்பும். ஆனால் முடுக்கும்போது பாரமற்ற உள் சக்கரம் வீணாகச் சுழலும். கெட்டியாக இருந்தால் இரு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வழுவழுப்பான தளத்தில் அளவு மீறினால் பின்பக்கம் திடீரென்று விலகும். போட்டிக் கார்களில் பின்னே சில ஆயிரம் எண் கொண்ட எண்ணெயும், முன்னே பூட்டிய அச்சும் வைப்பது பரவலான வழக்கம். டிடி-02இல் முன் டிஃபரன்ஷியலுக்குள் கெட்டியான கிரீஸை நிரப்பினாலே வளைவை விட்டு வெளியேறும்போது முன்பக்கம் நன்றாக இழுக்கும்.

பல்சக்கர விகிதத்தைக் கப்சாய் மோட்டார் சைக்கிளின் ஸ்புரோக்கெட் மாற்றியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். முன்னே உள்ள சிறு பல்சக்கரத்தின் பற்களைக் கூட்டினால் உச்ச வேகம் கூடும், இழுப்பு குறையும், மோட்டார் சூடாகும். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் மோட்டாரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் ஒரு பல் குறையுங்கள். வெயில் நாட்டில் ஐரோப்பியர் சொல்லும் விகிதத்தை அப்படியே பின்பற்றினால் மோட்டார் எரியும்.

மழைக்குப் பின்

பினாங்கில் மாலைப் பந்தயம் என்றால் மழையைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. ஓடி ஓடித் தளத்தில் படிந்த ரப்பரை மழை கழுவிவிடும். காய்ந்த பிறகும் காலையில் இருந்த பிடிப்பு திரும்பாது. அப்போது ஒரு படி மென்மையான சக்கரம், பின்னே மென்மையான ஸ்பிரிங், சற்று அதிக டோ என அமைதியான பக்கத்துக்குப் போவதே அறிவு. நீர் தேங்கிய இடத்தில் ஓட்டினால் மின் உறுப்புகள் பழுதாகும்.

ஒரே பார்வையில்

• நுழையும்போது திரும்ப மறுக்கிறது: முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், முன் கம்பியை மெலிதாக்குங்கள், முன் டோவை ஒரு டிகிரி வெளிநோக்கி வையுங்கள்.

• நுழையும்போது பின்பக்கம் சுழல்கிறது: பின் சக்கரத்தைப் பாருங்கள், பின் கம்பியைக் கழற்றுங்கள், பின்பக்க உயரத்தை அரை மில்லிமீட்டர் குறையுங்கள்.

• முடுக்கும்போது பின்பக்கம் விலகுகிறது: பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், பின் டோவைக் கூட்டுங்கள், பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சற்று இளக்குங்கள்.

• ஒரு பக்கம் மட்டும் சுழல்கிறது: எதையும் மாற்றாதீர்கள், அடிச்சட்ட முறுக்கைச் சோதியுங்கள்.

• சில நிமிடத்துக்குப் பின் வழுக்குகிறது: சக்கரம் சூடேறுகிறது, கடினமான எண்ணுக்கு மாறுங்கள்.

• பிடிப்பு மிகுந்து கார் உருண்டு கவிழ்கிறது: உயரத்தைக் குறையுங்கள், முன்னே கடினமான சக்கரம் போடுங்கள்.

மின்கலத்தில் கவனம்

லிப்போ மின்கலத்தை அலட்சியமாகக் கையாண்டால் வீடே தீப்பிடிக்கலாம். டூரிங் கார்களில் பயன்படும் இரண்டு செல் மின்கலம் 7.4 வோல்ட்; முழுதும் ஏறினால் 8.4 வோல்ட். லிப்போவுக்கான சார்ஜரில் மட்டும், தீப்பிடிக்காத பையில் வைத்து, ஆள் அருகில் இருக்கும்போது மட்டும் மின்னேற்ற வேண்டும். தூங்கும்போது ஏற்றக்கூடாது. பல நாள் ஓட்டாமல் வைப்பதானால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதும் ஆபத்து.

ஓட்டும் இடமும் முக்கியம். பொதுச் சாலையில் ஓட்டுவது ஓட்டுபவருக்கும் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் ஆபத்து. வாகன நிறுத்துமிடமானால் உரியவரின் அனுமதியோடு, வாகனங்கள் இல்லாத நேரத்தில், வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் பாதைக்கும் நடுவே தடுப்பு வைத்து ஓட்ட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே மேற்கண்ட அனைத்துக்கும் அடிப்படை. ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் சக்கரத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால், கார் திருந்தியது எதனால், கெட்டது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி, சுற்று நேரத்தைக் குறித்து, பலன் இல்லையென்றால் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். தேதி, நேரம், வெயிலா மழையா, சக்கர எண், உயரம், எண்ணெய், விகிதம் ஆகிய அனைத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை அதே வெயிலில் அதே திடலுக்குப் போகும்போது தொடக்கத்திலிருந்து தேட வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. இயந்திரத்தில் கோளாறு வந்தால் ஒன்றொன்றாகச் சோதித்துப் பதிவு செய்வதே அங்கும் நடைமுறை. வீட்டில் ரிமோட் கார் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இதையே சொல்லிக் கொடுக்கலாம். அளப்பது, காரணம் தேடுவது, எழுதி வைப்பது ஆகிய மூன்றும் பழகிவிட்டால், மோட்டாருக்கு ஒதுக்கிய பணம் மிச்சமாகும். அலமாரிக்குப் போக இருந்த காரும் மீண்டும் திடலுக்கு வரும்.